உயிரோடிருந்தால் சுழியம்

சாங்ஷாவில் ஜூலை.
ஆய்வகத்து ஏசி கணினிகளுக்காக ஓடுகிறது,
எனக்காக அல்ல.
திரையில் நூற்று முப்பத்தேழு வரிசைகள்.
ஒவ்வொன்றும் ஒரு கன்னம், ஒரு ஈறு,
ஒரு நாக்கின் ஓரம்,
தொண்டைக்கு இறங்கும் வழியில் ஒரு கட்டி.
பெயர்களை மருத்துவமனை அழித்துவிட்டது.
வயது மிச்சம்.
"பாக்கு: ஆம் / இல்லை" மிச்சம்.

செல்லுக்குச் சாகத் தெரிந்திருக்க வேண்டும்.
அதற்கென்றே ஜீன்கள்:
இரும்பில் துருவேறிச் சாக,
செம்பு திகட்டிச் சாக,
உப்பி வெடித்துச் சாக,
பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்காமல்
தன்னைத்தானே பொட்டலம் கட்டிக்கொண்டு போக.
சாக மறந்த செல்தான் புற்று என்று
அறிக்கையில் எழுதியிருந்தேன்.
பேராசிரியர் ஓரெழுத்தைத் திருத்தினார்:
மறந்த அல்ல, மறுத்த.

நானூறு ஜீன்களைச் சலித்து
ஒன்பதில் நிறுத்தினேன்.
ஆளுக்கொரு எடை, கூட்டினால் ஓர் எண்.
பாதிப்பேர் சிவப்புக் கோடு, பாதிப்பேர் நீலம்.
இரண்டும் படிக்கட்டாய் இறங்கும்,
ஒருவர் செத்தால் ஒரு படி.
செத்தவருக்கு நேரே ஒன்று என்று எழுத வேண்டும்.
உயிரோடிருந்தால் சுழியம்.
இப்படி வகுத்தவர்
பரீட்சையில் சுழியம் வாங்கியதேயில்லை போலும்.

கணக்கு சரியா என்று பார்க்க
ஆட்களைக் கேட்க வேண்டும்.
ஒரு வாரத்துக்கு மட்டும்
தொலைபேசி எண்கள் என் கையில்.
ஆறு எண்கள் உபயோகத்தில் இல்லை.
ஒருவர் கடன் வசூலுக்கு வந்தவள் என்று நினைத்து
வைத்துவிட்டார்.

எண் 58. நீலம்.
ஒன்பது ஜீன்களும் நல்ல பிள்ளைகள்.
பாக்கு: இல்லை.
மகள் எடுத்தாள்.
டிராகன் படகு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, என்றாள்.
தேதியாகச் சொல்லட்டுமா?
தேதியாகத்தான் வேண்டும்.
கேட்காமலே இன்னொன்றும் சொன்னாள்:
கடைசியாகத் தாமரைக்கிழங்கு சூப் கேட்டாராம் அம்மா,
விழுங்க முடியாதென்று தெரிந்தே.
முகர்ந்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாராம்.
சூப்புக்கு என் அட்டவணையில் பத்தி கிடையாது.
எட்டு மாதம், நான்கு நாள்.
ஒன்று.

எண் 91. சிவப்பின் உச்சி.
ராத்திரி லாரி.
தூக்கத்தை விரட்ட நாளுக்கு மூன்று பொட்டலம்,
உள்ளே பரிசுச் சீட்டு வேறு:
இன்னொரு பொட்டலம் இலவசம்.
என் ஒன்பதும் அவருக்குக் கொடுத்தது பத்தொன்பது மாதம்.
இது அறுபத்தொன்றாவது.
ஒன்று என்று அடித்துவைத்துவிட்டுத்தான் அழைத்தேன்.

"ச்சூ பைலின்! ஆஸ்பத்திரியிலிருந்து!" என்று
ஒரு பெண் கத்துவது கேட்டது.
"மீன் பிடிக்கிறார். இருங்கள், கொடுக்கிறேன்."
அடித்ததை அழித்தேன்.
வந்த குரலில் வல்லெழுத்தெல்லாம் வழுக்கின.
பாதி நாக்கு அவருடையது,
மீதி முன்கைத் தோல்.
பொட்டலம் பிரித்த கையில் கொஞ்சம்
இப்போது வாய்க்குள்ளேயே குடியிருக்கிறது.
மனைவி நடுவில் புகுந்தாள்:
அந்த நாக்கில் முடி முளைக்கிறது,
வாரம் ஒருமுறை சின்னக் கத்தரியால் நறுக்குகிறேன்,
தப்பில்லையே டாக்டர்?
நான் டாக்டர் இல்லை என்று சொல்லவில்லை.
தப்பில்லை என்றேன்.

மறுபடி அவர்.
இரண்டு தரம் சொன்ன பிறகே புரிந்தது:
உங்கள் மெஷின் என்னைப் பற்றி என்ன சொன்னது?

லைன் சரியில்லை, என்றேன்.
பொய் என்று சொல்லிவிட முடியாது.

சாயங்காலம் பேராசிரியர் கேட்டார், பி மதிப்பு வந்ததா?
வந்தது. 0.03.
கோடுகள் நன்றாகவே பிரிகின்றன.
நூற்று முப்பத்தேழு பேரைச் சேர்த்துப் பார்த்தால்
ஒன்பதும் உண்மைதான் பேசுகின்றன.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
எல்லோரும் இறங்கி முடித்த சிவப்புப் படிக்கட்டில்
கடைசியாக ஒரு நீளப் படி.
அதன் மேல் ஒரு சின்ன நெட்டைக் கோடு.
உயிரோடிருப்பவரை அப்படித்தான் குறிப்பார்கள்.
இந்த வாரம் நறுக்காமல் விட்ட
முடி மாதிரி.